நாத்தனார் வருவதற்குள்

(மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கம், தாமான் எனும் குடியிருப்புப் பகுதியில் ஒரு வீடு. தீபாவளி நெருங்குகிறது. வாசலில் ஓர் அக்கா. குந்தியிருக்கும் டைல்காரத் தம்பி.)

அக்கா: மூன்றே மூன்று டைல்தான் தம்பி. பழைய மாதிரியே போட்டுவிட்டால் போதும்.

தம்பி: (சுத்தியல் பிடியால் தட்டியபடி) இந்த மாடல் இப்போது வருவதில்லை அக்கா. தேடிப் பிடித்தாலும் வேறு லாட்டாக இருக்கும், நிறம் ஒட்டாது. எப்படி உடைந்தது?

அக்கா: வீட்டுக்காரர் கேஸ் தோங் சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

தம்பி: உடைந்தது ஒன்றுதானே?

அக்கா: மற்ற இரண்டும் ஏற்கெனவே உப்பிக்கொண்டு நின்றன. அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.

தம்பி: பாவம். அது அவர் குற்றமில்லை. இடைவெளி விடாமல் நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். சூட்டில் விரிய இடமில்லாமல் மேலே கிளம்பிவிட்டது.

அக்கா: அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சரி, வேறு நிறத்தில் மூன்று போட்டால்?

தம்பி: பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருக்கும். கதவு 180 சென்டிமீட்டர் அகலம், வரிசைக்கு மூன்று டைல். அந்த அகலத்துக்கு இரண்டு வரிசையை மொத்தமாக எடுத்துவிடலாம். 3 டைல் 6 டைல் ஆகும். அங்கே பூ டைல் போட்டு, ஓரத்தில் கறுப்புப் பட்டை கொடுத்தால் யாரும் ரிப்பேர் என்று சொல்ல மாட்டார்கள்.

அக்கா: உடைந்தது 3. நல்லா இருக்கிற மூன்றையும் நானே காசு கொடுத்து உடைக்க வேண்டுமா?

தம்பி: ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டு அஞ்சடி நடைபாதையில் பூ டைல் பார்த்ததில்லையா? அந்த ஊருக்கு 2008-இல் யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியத் தலம் என்று பட்டம் கொடுத்தது.

அக்கா: யுனெஸ்கோ கொடுக்கும் தம்பி. என் நாத்தனார் கொடுக்க வேண்டுமே!

தம்பி: கொடுப்பார். உங்கள் டைல் 60-க்கு 60, பூ டைல் 20-க்கு 20. பெரியது ஒன்று இருந்த இடத்தில் சின்னது ஒன்பது உட்காரும். இடுக்குக் கோடு நேராக ஹாலுக்குள் ஓடும். அந்தக் கோடு தப்பினால்தான் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

அக்கா: அந்தப் பழங்காலத்து சிமெண்டு டைலேவா?

தம்பி: அது தடிமன். கதவு கீழே இடிக்கும். அச்சுப் போட்ட போர்சலின் வாங்குவோம், வழுக்காத ரகமாக. முதலில் இடுக்கைக் கிரைண்டரால் அறுத்துவிட்டுத்தான் உளி வைப்பேன். இல்லையென்றால் பக்கத்து டைலும் பல்லைக் காட்டும்.

அக்கா: பூ டைல் இருந்தால் கோலத்தை எங்கே போடுவது?

தம்பி: அதுவே கோலம் மாதிரிதானே இருக்கும்!

அக்கா: (யோசித்து) விடியற்காலையில் குனிய வேண்டாம். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

தம்பி: ஒட்டிய பிறகு 24 மணி நேரம் யாரும் மிதிக்கக் கூடாது. அண்ணனைப் பின்பக்கம் சமையலறை வழியாக வரச் சொல்லுங்கள்.

அக்கா: அவருக்குச் சமையலறை எங்கே இருக்கிறது என்று தெரியாதே. போகட்டும். “என்ன அண்ணி, வாசலை மாற்றிவிட்டீர்கள்?” என்று நாத்தனார் கேட்பாள்.

தம்பி: “ரொம்ப நாள் ஆசை” என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை நீட்டுங்கள்.

அக்கா: எத்தனை வெள்ளி ஆச்சு என்பாள்.

தம்பி: இரண்டு மடங்காகச் சொல்லுங்கள். மலிவாகச் சொன்னால் ஒட்டுப்போட்டது என்று கண்டுபிடித்துவிடுவார்.

அக்கா: வீட்டுக்காரரும் கேட்பாரே?

தம்பி: அவருக்குப் பாதி.

அக்கா: தம்பி, அவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்துதான் பேசுவார்கள்.

தம்பி: (சாமான்களைப் பையில் போட்டபடி) என் கேரண்டி தரைக்கு மட்டும்தான் அக்கா.