கொரோனாவில் நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்

2021 நவம்பர் 1. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளை 19 மாதங்களுக்குப் பிறகு திறந்த நாள். அன்று என் முன்னால் வந்து உட்கார்ந்த நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கடைசியாகப் பள்ளியில் உட்கார்ந்தது இரண்டாம் வகுப்பில். மூன்றாம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே போயிற்று. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினோம். ஆனால் எங்கள் ஊரில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு அது வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

முதல் வாரமே நான்காம் வகுப்புப் பாடநூலைத் திறந்து நடத்தத் தொடங்கினேன். அது என் தவறு. போர்ஷன் முடிக்க வேண்டுமே என்ற பதற்றம். ஒரு பையன் மட்டும் வாசிக்கச் சொல்லும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போவான். நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தனியே கூப்பிட்டு ‘கொக்கு’ என்று எழுதிக் காட்டினேன். கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமுமாகப் பார்த்து, “கெ... கா...” என்றான். “தெரியும் டீச்சர், மறந்துபோச்சு” என்று அழுதுவிட்டான். உண்மைதான். இரண்டாம் வகுப்பில் நன்றாக வாசித்த பிள்ளை அவன்.

ஆல் பாஸ் போட்டதைக் குறை சொல்ல மாட்டேன், அப்போது வேறு வழியில்லை. வகுப்பு இரண்டு படி ஏறியதும் பிள்ளையும் ஏறிவிட்டான் என்று நாங்கள் நம்பினோமே, அதுதான் பிழை.

பிறகு பாடநூலை மூடி வைத்தேன். மூன்று, நான்கு, ஐந்து வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து, யாருக்கு எழுத்து தெரிகிறது, யாருக்குச் சொல் வருகிறது, யார் வரி வாசிக்கிறார் என்று பார்த்துத் தினமும் ஒரு மணி நேரம் பாயில் உட்கார வைத்தோம். திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் என்று பஸ் போர்டில் பார்க்கும் ஊர்ப் பெயர்களை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அதைத் தப்பாக வாசித்தால் யாருக்கும் வெட்கம் வரவில்லை. கடன் வாங்கிக் கழித்தல் கரும்பலகையில் வராத பிள்ளைகளுக்கு, பத்து ரூபாய்க்குச் சில்லறை மாற்றச் சொன்னால் வந்தது.

மாலையில் இல்லம் தேடிக் கல்வி, கொரோனாவில் விட்டதைப் பிடிக்க அரசு தன்னார்வலர்களை வைத்துத் தெருவிலேயே நடத்திய வகுப்பு. மாதம் 1,000 ரூபாய்க்கு அந்தத் தெரு அக்காக்கள் செய்த வேலையை நான் மறக்க மாட்டேன். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது.

எனக்குத் தூக்கம் கெடுவது மீளாத அந்த மூன்றில் ஒரு பங்கை நினைத்துத்தான். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது, ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் அருமையான திட்டம். அப்போது என் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு. 2023இல் அதை நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். அவர்கள் ஆறுக்குப் போய்விட்டார்கள். முதலில் இரண்டு வகுப்பு, பிறகு ஒரு வகுப்பு வித்தியாசத்தில் கதவு சாத்தப்பட்டது. 2025இல், ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான திறன் இயக்கம் வந்தபோதுதான் இவர்கள் கணக்கில் வந்தார்கள், எட்டாம் வகுப்பில்.

ஆறு முதல் எட்டு வரை எடுக்கும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, கெஞ்சிக் கேட்கிறேன். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

அந்தப் பையன் எங்கள் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இப்போது மதியச் சாப்பாடு முடிந்ததும் அவனும் இன்னும் மூன்று பேரும் என்னிடம் வருகிறார்கள். அரை மணி நேரம் வாசிக்கிறோம், கதவைச் சாத்திக்கொண்டு. சின்னப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று அவர்கள்தான் கேட்டார்கள்.