மாதாமாதம் புதுச் சீட்டு என்பது விதியல்ல

“மருந்துச் சீட்டு ஒரு மாதம்தான் செல்லும், கோவை டாக்டர் எழுதியதைப் பாலக்காட்டுக் கடையில் கொடுக்கவும் கூடாது” என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. மருத்துவர் வேறு குறிப்பு எழுதாதபோது ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தர வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆவது விதி சொல்வது உண்மையே. ஆனால் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று அவர் எழுதியிருந்தால், அதன்படி அதே சீட்டுக்கு மீண்டும் தரலாம் என்பதும் அதே விதிதான். சீட்டு எந்த மாநிலத்தில் எழுதப்பட்டது என்ற வரம்பு அதில் இல்லை.

ஆகவே, கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டின் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறி, டோக்கன் வாங்கிக் காத்திருந்து, அதே தைராய்டு மாத்திரையின் பெயரைத் திரும்ப எழுதி வாங்குவதற்காகவே கட்டணமும் அரை நாள் கூலியும் இழப்பவர்கள், “மாதம் ஒரு முறை, 3 மாதம்” என்று சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்கலாம். (கேட்கத் தயங்குகிறோம் என்பதுதான் பெரும்பாலும் சிக்கல்.) தவிர, நேரில் பார்த்த 6 மாதத்துக்குள், அதே நோய்க்கான தொடர் மருந்தைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ பேசி மீண்டும் எழுதித் தர 2020ஆம் ஆண்டு தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன, மருத்துவர் எந்த மாநிலத்தவராயினும் தடையில்லை. எக்ஸ் அட்டவணையில் உள்ள, கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளுக்கும், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட மருந்துகளுக்கும் இந்தத் தொலைமருத்துவ வசதி பொருந்தாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், சீட்டு செல்லும் என்பதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.