நேற்றைய தேதியில் இன்று எழுதிய சட்டம்

காலாண்டுக்கு ஒருமுறை வளர்ச்சி விகிதம் வெளியாகும். அன்றைக்கு டிவி விவாதத்தில் ஒருவர் வெளிநாட்டு முதலீட்டாளர் நம்பிக்கை போய்விட்டது என்பார், இன்னொருவர் போனால் போகட்டும், அவன் பணம் நமக்கு எதற்கு என்பார். இரண்டு பேரும் இதை மும்பை பங்குச் சந்தையோடு முடிந்துபோகிற விஷயம் போலவே பேசுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற எங்களால் அப்படிப் பேச முடியாது. 2012க்கும் 2014க்கும் நடுவில் அந்த நம்பிக்கை உடைந்து இங்கே நோக்கியா ஆலை மூடியபோது யார் வேலை போனது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

வோடஃபோன் வழக்கு பலருக்கும் மேலோட்டமாகத் தெரிந்திருக்கும். ஹட்ச் எஸ்ஸார் என்கிற செல்போன் சேவைக் கம்பெனியில் ஹாங்காங்கின் ஹட்சிசனுக்கு இருந்த 67 சதவீதப் பங்கை 2007ல் வோடஃபோன் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. தொழில் நடப்பது இந்தியாவில், காகிதத்தில் கைமாறியதோ கேமன் தீவில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு. வரி கட்டு என்றது வருமான வரித்துறை. வருடக்கணக்கில் வழக்கு இழுத்து, 2012 ஜனவரி 20 அன்று, இருக்கிற சட்டப்படி இதற்கு வரி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, இனிமேல் யாரும் இதில் நுழைந்து தப்பிக்காதபடி அடைக்கிறோம் என்று அரசு சொல்லியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டே மாதத்தில், மார்ச் 16 பட்ஜெட்டில், பிரணாப் முகர்ஜி கொண்டுவந்த திருத்தம் 1962 ஏப்ரல் முதலே அமலில் இருப்பதாக எழுதப்பட்டது. ஐம்பது வருடம் பின்னால்! வழக்கில் தோற்ற தரப்பே சட்டத்தைத் திருத்திக்கொண்டு, ஜெயித்தவரிடம் மறுபடி பணம் கேட்டால் அதற்குப் பிறகு யார் எதை நம்பி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள்?

அதே வருடம் பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 122 தொலைத்தொடர்பு உரிமங்கள் ரத்தாகின. அந்தத் தீர்ப்பு சரியானது என்பதுதான் என் கருத்து, உரிமம் கொடுத்த விதம் அவ்வளவு மோசம். ஆனால் கொடுத்தது அரசு, அதை நம்பி இங்கே பணம் போட்டது நார்வேயின் டெலிநார் போன்ற கம்பெனிகள். ஏப்ரலில், நாடுகள் கடனைத் திருப்பிக் கட்டும் திறனை மதிப்பிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் இந்தியாவின் கடன் தர மதிப்பீட்டுக்கான கண்ணோட்டத்தை எதிர்மறையாக்கியது. இரண்டு வருடம் முன்பு எட்டு சதவீதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த வளர்ச்சி, அப்போது வெளியான கணக்குப்படி 2012-13ல் ஐந்தை ஒட்டி வந்து நின்றது.

எல்லாவற்றுக்கும் வோடஃபோன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. விலைவாசியைக் கட்டுப்படுத்த ரிசர்வ் வங்கி 2010 மார்ச்சிலிருந்து 2011 அக்டோபருக்குள் 13 முறை வட்டியை ஏற்றியிருந்தது. நிலக்கரி கிடைக்கவில்லை, நிலம் கிடைக்கவில்லை, சுற்றுச்சூழல் அனுமதி கிடைக்கவில்லை என்று பெரிய பெரிய திட்டங்கள் பாதியில் நின்றன. உள்ளூர் முதலாளிகளே புதிதாக எதையும் தொடங்கத் தயங்கினார்கள், அதை யாரும் பேசுவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்து தொழில் செய்கிறவனுக்கே நாளைக்கு என்ன விதி வரும் என்று தெரியாத இடத்துக்கு, பின்லாந்துக்காரன் ஏன் வரப்போகிறான்?

அப்புறம் 2013. மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி, மாதாமாதம் சந்தையில் இறக்கும் பணத்தைக் குறைக்க வேண்டி வரலாம் என்கிற மாதிரி பேசினார், அவ்வளவுதான். மே ஆரம்பத்தில் டாலருக்கு 54 ரூபாய் என்று இருந்தது ஆகஸ்ட் 28 அன்று 68ஐத் தாண்டியது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (ஏற்றுமதி போன்றவற்றில் வருகிற டாலரைவிட இறக்குமதி போன்றவற்றுக்குப் போகிற டாலர் எவ்வளவு அதிகம் என்கிற கணக்கு) அதற்கு முந்தைய நிதியாண்டில் ஜிடிபியில் 4.8 சதவீதம், அதாவது நம் அன்றாடச் செலவே வெளியிலிருந்து வரும் டாலரை நம்பி ஓடியது. பங்குச் சந்தைக்கும் கடன் பத்திரத்துக்கும் வந்த பணம் ஒரு பட்டனைத் தட்டினால் வெளியே போய்விடும். ஆலை கட்டியவன் அப்படிப் போக முடியாது. அதனால்தான் அவன் வருவதற்கு முன்னால் அவ்வளவு யோசிக்கிறான், அவனைத்தான் நாம் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நோக்கியா விஷயத்துக்கு வருகிறேன். 2006ல் ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தி தொடங்கியது. ஆலைக்குள் மட்டும் ஒரு கட்டத்தில் சுமார் 8,000 பேர், பக்கத்திலேயே உதிரிபாகம் செய்கிற கம்பெனிகள், அதில் இன்னும் சில ஆயிரம் பேர். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள், நிறையப் பெண்கள், பிளஸ் டூவோ ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்தவர்கள். காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் பக்கமெல்லாம் விடியும் முன்பே ரோட்டோரத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். விவசாயக் கூலி வீடுகளில் முதல் தடவையாக மாதச் சம்பளம், பிஎஃப், வங்கிக் கணக்கு. தம்பியின் காலேஜ் ஃபீஸை அக்கா கட்டினாள். கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிப் போடலாம் என்று அப்பாவிடம் வாய் திறந்து சொல்ல அந்தச் சம்பளம் தைரியம் கொடுத்தது. எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் இது வராது.

2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை போட்டது. போனில் ஏற்றும் மென்பொருளுக்காகப் பின்லாந்தில் இருக்கும் தாய் நிறுவனத்துக்குப் போன பணம் ராயல்டி, அதற்கு டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி, பிடித்திருக்க வேண்டும் என்று பழைய வருடங்களையும் சேர்த்து 2,000 கோடிக்கு மேல் கேட்டார்கள். மாநில அரசு தன் பங்குக்கு வாட் வரி என்று இன்னொரு 2,400 கோடி. அந்த செப்டம்பரில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக அறிவித்த பிறகு இங்கே இருக்கும் சொத்துகள் முடக்கப்பட்டன. ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. கம்பெனி தரவில்லை. உலகம் முழுக்க இருந்த மற்ற ஆலைகளில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட்டுக்குப் போயின, நம் ஆலை போகாமல் நின்றது. தொழிலாளர்கள் சென்னைக்கு வந்து உண்ணாவிரதம் கூட இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் போனார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது, கொஞ்ச நாளில் அதை நம்பியிருந்த பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

நோக்கியா போன் அப்போது ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது உண்மை. ஆண்ட்ராய்டு வந்து அடித்த அடியில் அந்த ஆலை எப்படியும் சுருங்கியிருக்கும் என்று சொல்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாங்க ஆள் இருந்த நேரத்தில் விற்க முடியாமல் போனது வரித் தகராறால்தான். 2018ல் இந்தியாவும் பின்லாந்தும் பேசி வருமான வரித் தகராறைத் தீர்த்தன. நோக்கியா கட்டியது சுமார் 20 கோடி யூரோ, அன்றைய மதிப்பில் 1,600 கோடி ரூபாய்க்குப் பக்கம். உத்தரவாதமாகக் கேட்ட 3,500 கோடியில் பாதி கூட இல்லை. இதை 2013லேயே உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதே இடத்தை பிறகு சால்காம்ப் என்கிற கம்பெனி எடுத்து சார்ஜர் தயாரிக்கிறது, ஃபாக்ஸ்கான் இங்கே ஐபோன் செய்கிறது, சந்தோஷம். நடுவில் வேலையை இழந்த அந்தப் பெண்களுக்கு அந்த வருடங்கள் திரும்ப வராது.

அப்படியானால் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் வரியே கேட்கக் கூடாதா என்று சண்டைக்கு வருவீர்கள். தாராளமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். கேமன் தீவு, மொரீஷியஸ் என்று சுற்றிவந்து வரி ஏய்ப்பதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு, எல்லோருக்கும் ஒன்றுபோல, இன்றிலிருந்து என்று கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். முன்தேதியிட்டுக் கேட்டதில் நாம் சம்பாதித்தது என்ன? வோடஃபோன் 2020 செப்டம்பரில் சர்வதேச நடுவர் மன்றத்தில் ஜெயித்தது. டிசம்பரில், இதே திருத்தத்தை வைத்து வரி கேட்கப்பட்ட கெய்ர்ன் என்கிற எண்ணெய் நிறுவனத்துக்கு 120 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி இன்னொரு தீர்ப்பு. பாரிஸில் இருக்கும் இந்திய அரசின் கட்டடங்களை அந்தக் கம்பெனி ஜப்தி செய்யப் போகிற அளவுக்கு விஷயம் முற்றி, 2021 ஆகஸ்டில் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றமே திரும்பப் பெற்றது. கெய்ர்னுக்குச் சுமார் 7,900 கோடி ரூபாய் திருப்பிக் கொடுத்தோம். அந்த ஒன்பது வருடத்தில் இரண்டு கட்சிகளும் ஆட்சியில் இருந்தன, எனவே தயவுசெய்து கமெண்டில் கட்சிச் சண்டை வேண்டாம்.

பாடம் படித்துவிட்டோமா என்றால் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 3 அன்று லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று திடீரென அறிவித்து, மறுநாளே அதைத் தள்ளி வைத்தார்கள். இப்போது 2024-25 கணக்கைப் பாருங்கள். நேரடி அந்நிய முதலீடு மொத்தமாக 8,000 கோடி டாலருக்கு மேல் வந்தது, தலைப்புச் செய்தி அதுதான். ஆனால் இங்கே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனதையும் நம் கம்பெனிகள் வெளிநாட்டில் போட்டதையும் கழித்தால் மிஞ்சியது நூறு கோடி டாலர் கூட இல்லை. 2020-21ல் இதே நிகரக் கணக்கு சுமார் 4,400 கோடி டாலர். வளர்ச்சியும் 9.2 சதவீதத்திலிருந்து 6.5க்கு இறங்கியதாக முதலில் கணக்கு வந்தது. லாபத்தை எடுத்துக்கொண்டு சுலபமாக வெளியேற முடிவது சந்தை முதிர்ந்ததற்கு அடையாளம் என்று ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2024 அக்டோபரில் ஹூண்டாய் இங்கே பங்கு வெளியிட்டுத் திரட்டிய 27,870 கோடி ரூபாயும் கொரியத் தாய் நிறுவனத்துக்குத்தான் போனது, ஆனாலும் இருங்காட்டுக்கோட்டை ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என் கவலை, போனவர்கள் இடத்தில் புதிதாக ஆலை கட்ட வருகிறவர்கள் போதவில்லை என்பதுதான்.

முதலீட்டாளர் மாநாடுகளில் கையெழுத்தாகிற லட்சம் கோடிகளைப் பார்த்து எனக்கு இதனால்தான் உற்சாகம் வருவதில்லை. அடுத்த பட்ஜெட் நிதி மசோதாவில் எந்தத் திருத்தம் எந்தத் தேதியிலிருந்து அமலாகிறது என்று எழுதியிருக்கும் வரியைத்தான் முதலில் தேடிப் படிப்பேன். இன்னொன்றும் கேட்கிறேன். வரித் தகராறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, வழக்கு நடக்கிற வரை ஆலை ஓடவும், வாங்க வருகிறவருக்குக் கைமாறவும், நியாயமான தொகைக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு வழிவிடும்படி சட்டத்தில் எழுதி வையுங்கள். எங்கள் தொகுதி எம்பி நாடாளுமன்றத்தில் இதைக் கேட்க வேண்டும், அவரை டேக் செய்கிறேன், நீங்களும் உங்கள் எம்பியை டேக் செய்யுங்கள்.