பட்டறைக்குப் போனால் மட்டும் பரம சாது

என் காருக்கு வயது 16. 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, இன்னும் 5 வருடத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். அந்த நன்றிகூட அதற்குக் கிடையாது.

சரியாகக் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போதுதான் நிற்கும். மே மாத வெயில், பின்னால் மாநகரப் பேருந்து, ஹாரன் கச்சேரி. இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பட்டறையில்? பூனைக்குட்டி. "வண்டி நல்லாத்தானே சார் ஓடுது?" என்று மெக்கானிக் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், பழுது எனக்குத்தான் என்பதுபோல!

முதலில் பேட்டரி என்றார். மாற்றினேன். அப்புறம் ஸ்பார்க் பிளக். மாற்றினேன். ஃபியூயல் பம்ப், ரிலே, இக்னிஷன் காயில்... ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைக்காரர்கள் எனக்குத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினாலும் தகும். ஸ்கேனரும் போட்டார்கள். குறையே இல்லையாம்!

கடைசியில் பார்த்தால், குற்றவாளி கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கணினிக்குச் சொல்லும் சின்னப் பாகம். சூடானால் சிக்னல் செத்துவிடும், ஆறினால் உயிர் வந்துவிடும். "சூடானாத்தான் நிக்குது" என்று முதல் நாளிலிருந்து நான் கரடியாய்க் கத்தியது யார் காதில் விழுந்தது?

சரி, அதையும் மாற்றியாயிற்று. இப்போது இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் கூடவே கண்ணடிக்கிறது. "எர்த் வயர் லூஸா இருக்கும் சார், பாத்துடலாம்" என்கிறார்.

பாத்துடலாமாம்!