பெரிய பெயர் வந்தால்தான் விழா வளருமா?
புதுச்சேரியில் ஆண்டுதோறும் நகைச்சுவை விழா நடத்தலாம், ஆனால் பெரிய பெயர்கள் வந்தால்தான் அது வளரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்த இரண்டாவது பாதிதான் இடிக்கிறது. இன்று நகைச்சுவைக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃப்ரிஞ்ச் கலைவிழா, 1947இல் அழைப்பே இல்லாமல் வந்து நின்ற 8 நாடகக் குழுக்களால் தொடங்கியது. கனடாவின் மான்ட்ரியல் நகைச்சுவை விழா 1983இல் முழுக்க உள்ளூர் மொழியான பிரெஞ்சில்தான் ஆரம்பித்தது. ஆங்கிலம் சேர்ந்தது 1985இல். போன வருடம் இங்கே ஒரு மொட்டைமாடி நிகழ்ச்சிக்குப் போனேன், மொத்தமே 40 பிளாஸ்டிக் நாற்காலி. சென்னையிலிருந்து வந்தவர் அந்த ஊர் ஓஎம்ஆர் சாலை டிராஃபிக்கைப் பற்றி 20 நிமிடம் பேசினார். சிரித்தது அவருடன் வந்தவர்கள் மட்டும். அப்புறம் மேடை ஏறிய உள்ளூர் அரியாங்குப்பத்துப் பையன், "கடலூர் பஸ்ஸில் தூங்கி எழுந்து இது தமிழ்நாடா புதுச்சேரியா என்று கேட்டால், கண்டக்டரே பெட்ரோல் பங்க் விலைப் பலகையை எட்டிப் பார்த்துத்தான் சொல்வார்" என்றான். பின்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். ஒரு நண்பர் 'இந்த ஊரில் கூட்டம் எங்கே வரும்' என்று கேட்டிருக்கிறார். சரி, புதுச்சேரி கம்பன் விழாவில் பட்டிமன்றம் நடக்கும் மாலையில் கம்பன் கலையரங்கத்துக்குத் தாமதமாகப் போய் ஒரு இடம் பிடித்துக் காட்டட்டும்.