வேப்பேரி சிவப்புக் கட்டடத்துக்குள்ளே நம்ம ஏரியா பிள்ளைகள் போகணும்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் பழைய சிவப்புக் கட்டடத்தை ரோட்டில் நின்று படம் எடுத்துப் போடுகிற நண்பர்கள் எனக்கு நிறைய பேர். ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் டே வந்துவிட்டால் இன்னும் அதிகம். போடட்டும், எனக்கும் அந்தச் செங்கல் பிடிக்கும். ஆனால் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். உள்ளே நடக்கிற வேலை அந்தச் சுவரை விடப் பெரிய சொத்து. அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் புளியந்தோப்பு, வியாசர்பாடி, ஓட்டேரி, மாதவரம் பள்ளிப் பிள்ளைகள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

1903 அக்டோபர் 1-ம் தேதி, சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில், 20 மாணவர்களோடு ஆரம்பித்த கல்லூரி இது. 1905-ல் வேப்பேரிக்கு வந்தது. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இதுதான். நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களில் ஒருவரான சக்குபாய் ராமச்சந்திரன் இங்கே படித்து 1950-களின் தொடக்கத்தில் பட்டம் வாங்கியவர். 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது வேப்பேரி அதன் மூத்த பிள்ளை ஆனது. தலைமையிடம் மாதவரம் பால் பண்ணையில். ஆக, பழைய கட்டடமும் சரி, தலைமையிடமும் சரி, இரண்டுமே நம்ம பக்கம்தான் இருக்கின்றன. வட சென்னை என்றால் கத்தியும் ரத்தமும் காட்டுகிற சினிமாக்காரர்கள் கண்ணில் இது மட்டும் பட்டதே இல்லை.

இந்தப் படிப்பு அன்றைக்கு ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தால் ஊரே வேறு மாதிரி தெரியும். அப்போது சென்னை ஓடியது மாட்டாலும் குதிரையாலும். துறைமுகத்துச் சரக்கு மாட்டு வண்டியில் போனது, ஆட்கள் ஜட்காவில் போனார்கள், பால் கறந்தது பக்கத்துத் தெருத் தொழுவத்தில். இதற்கு நடுவில் வெக்கை நோய் வந்தால் ஒரு ஊர் மாடு மொத்தமும் சாகும். உழவு நிற்கும், வண்டி நிற்கும், அப்புறம் பஞ்சம். அந்த வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம்ம வட ஆற்காடு பக்கம். 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முழுசாக ஒழித்த இரண்டாவது நோய் அது. பெரியம்மை ஒழிந்தது எல்லோருக்கும் தெரியும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

என் அக்கா மகள் அங்கே படித்தபோது, முறையாக அனுமதி வாங்கி உள்ளே கூட்டிப் போனாள். "மாமா, கையைக் கட்டிக்கினு பாரு, எதையும் தொடாதே" என்பதுதான் முதல் நிபந்தனை.

உடற்கூறியல் பிரிவில் குதிரை எலும்புக்கூடு முன்னால் அவள் நிறுத்திக் காட்டியதை என்னால் மறக்க முடியாது. குதிரையின் முன்காலில் பாதியில் மடங்குகிற இடத்தை முழங்கால் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அது மணிக்கட்டு. அதற்குக் கீழே இருப்பது உள்ளங்கை எலும்பு, அதுவும் பெரிதாக ஒன்றே ஒன்று, இரண்டு பக்கமும் குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிற மிச்ச விரல்களின் எலும்போடு. அதற்கும் கீழே ஒரே ஒரு விரல், நம்ம நடுவிரலுக்குச் சமமானது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். அவ்வளவு பெரிய உடம்பு காலுக்கு ஒரு விரல்நுனியில் நிற்கிறது. புத்தகத்தில் பரிணாமம் என்று பத்துப் பக்கம் படித்தாலும் ஏறாத விஷயம், அந்த எலும்பைத் தன் கையோடு வைத்து எண்ணிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் ஏறிவிடும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை அங்கே நிற்க வைத்துப் பாருங்கள்.

அடுத்தது நுண்ணோக்கி. வெறிநாய்க் கடியில் செத்த ஒரு விலங்கின் மூளைத் துணுக்கைச் சாயம் ஏற்றிக் கண்ணாடிச் சில்லில் வைத்திருந்தார்கள். பாடம் நடத்த வைத்திருக்கிற பழைய சில்லு. நீல நரம்புச் செல்லுக்குள்ளே கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள். நெக்ரி உருண்டைகள் என்று பெயர். அடெல்கி நெக்ரி என்ற இத்தாலிய மருத்துவர் அதைக் கண்டுபிடித்து அறிவித்த வருஷம் 1903, இந்தக் கல்லூரி பிறந்த அதே வருஷம். இந்த உருண்டை தெரிந்தால் வெறிநோய் உறுதி. ஆனால் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது, எல்லா மூளையிலும் அது உருவாகாது. அதனால்தான் இப்போது ஒளிரும் எதிர்ப்பொருளை மூளைத் துணுக்கின் மேல் விட்டுப் பார்க்கிறார்கள். கிருமி இருந்தால் அந்த எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொண்டு, இருட்டில் பச்சைப் புள்ளிகளாக மின்னும். சில மணி நேரத்தில் முடிவு. அதற்கு மேல் சந்தேகம் என்றால் கிருமியின் மரபணுவையே தேடிப் பார்க்கிற பிசிஆர் சோதனை.

நாய் செத்த பிறகு அதன் மூளையைப் பார்த்து என்ன பயன் என்று கேட்டேன். தெருவில் வெறிநோய் சுற்றுகிறதா, இன்னும் யாரை அந்த நாய் கடித்தது, எந்தப் பகுதி நாய்களுக்கு அவசரமாகத் தடுப்பூசி போட வேண்டும், எல்லாம் அந்த முடிவை வைத்துத்தான் தெரியும் என்றாள். கடிபட்டவர் மட்டும் அந்த முடிவுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. நம்ம தெருக்களில் இன்னும் சுண்ணாம்பு வைக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்பு உருண்டையைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால், எந்தச் சுவரொட்டிக்கும் இல்லாத பலன் அதற்கு இருக்கும்.

மாதவரத்தில் நடக்கிற எலிக்காய்ச்சல் ஆய்வும் இதே ரகம்தான். மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரில் கால் வைத்து நடக்கிற எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட நோய் அது. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் வருகிற கிருமி, காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். இரு முனையும் கொக்கி மாதிரி வளைந்த, மெல்லிய சுருள். சாதாரண நுண்ணோக்கி வெளிச்சத்தில் அது தெரியாது. கறுப்புப் பின்புலத்தில் வைத்துப் பார்த்தால்தான் வெள்ளி இழையாக நெளிவது தெரியும். மாட்டின் ரத்த நீரை அந்தக் கிருமியோடு கலந்து, கொத்துக் கொத்தாகச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். சேர்ந்தால் அந்த மாட்டுக்குள் இந்த நோய் வந்திருக்கிறது என்று அர்த்தம். மாட்டுக்குச் செய்கிற இந்தச் சோதனையில் பால்காரர் குடும்பத்தின் உயிரும் இருக்கிறது.

நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற இன்னொரு விஷயம் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி. இந்தியாவில் இந்த நோயை முதலில் உறுதி செய்தது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். வெக்கை நோய்க் கிருமிக்கும் தட்டம்மைக் கிருமிக்கும் நெருங்கின சொந்தம் இது. அந்த அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த கிருமியைச் செல் வளர்ப்பில் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசியாக்கியது நம்ம பல்கலைக்கழகம். அறிவியல் இதழ்களில் இன்றைக்கும் அதன் பெயர் அரசூர் 87. ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயர் உலக ஆராய்ச்சியாளர் வாயில் புழங்குகிறது. 2030-க்குள் இந்த நோயையும் உலகத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நாலு ஆட்டை வைத்துப் பிழைக்கிற ஒரு விதவைத் தாய்க்கு அது என்ன என்று கிராமத்தில் சொந்தம் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் சுற்றுலா என்றால் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி கிண்டிப் பூங்காவுக்கும் கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கும் கூட்டிப் போகிறார்கள். நல்ல இடங்கள்தான். ஆனால் வேப்பேரி டவுட்டன் சந்திப்பைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிற அந்த வளாகம், பிள்ளைகளுக்கு "மாட்டு ஆஸ்பத்திரி" மட்டும்தான். காலையில் போய் நின்றால் ஆட்டோவில் ஆடு வரும், குட்டி யானை வண்டியில் கறவை மாடு வரும், போர்வை சுற்றின நாய்க்குட்டியோடு ஒரு அம்மா ஓடி வருவார். அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறவர்கள்தான் நம்ம ஜனங்கள். சிகிச்சைக்காக உள்ளே வந்தவர்களின் பிள்ளைகள் படிப்பைப் பார்க்கவும் உள்ளே வர வேண்டும்.

இதற்குச் சொல்லக்கூடிய மறுப்பு எனக்கும் புரிகிறது. ஆய்வகம் சந்தைக்கடை இல்லை. உயிருள்ள கிருமியைக் கையாளுகிற அறைக்குள் யாரையும் விடக் கூடாது, விடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அருங்காட்சியகமும் மாணவர்கள் பழகுகிற நுண்ணோக்கிக் கூடமும் போதும். மாதத்தில் ஒரு அரை நாள், ஒரு பள்ளி, முப்பது பிள்ளைகள். வழிகாட்ட மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். தனக்குத் தெரிந்ததைச் சின்னப் பிள்ளைக்கு விளங்க வைப்பது அவர்களுக்கும் நல்ல பயிற்சி, நாளைக்கு ஆட்டுக்காரரிடம் பேச உதவும்.

கட்டடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது எந்த ஒரு வளாகத்தையும் குறித்து அல்ல. அந்தக் காலத்துச் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் நிற்பவை. ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். விரிசல் என்று சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் முகம் பொடியாக உதிரும். நம்ம ஊர் கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். கோடிக்கணக்கில் புது ஆய்வகக் கருவி வாங்குகிற எந்த நிறுவனமும், சுண்ணாம்பு வேலை தெரிந்த நல்ல கொத்தனாருக்கும் அந்தப் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க வேண்டும். குளிரூட்டிக் குழாய்க்காகப் பழைய வளைவைத் துளைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கும் காற்றை வடிகட்டுகிற பாதுகாப்புப் பெட்டிக்கும் புதுக் கட்டடம்தான் சரி. பழையதில் வகுப்பு நடக்கட்டும், அருங்காட்சியகம் இருக்கட்டும்.

ஆசிரியர் நண்பர்களே, உங்கள் தலைமை ஆசிரியரிடம் சொல்லி, கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதித் தர உதவி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். முதல் குழுவை யார் அனுப்பினாலும், வியாசர்பாடியில் மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்க்கிற பையன்களையும், கொளத்தூரில் வண்ண மீன் கடையில் அப்பாவுக்கு உதவியாக நிற்கிற பெண் பிள்ளைகளையும் அதில் சேர்த்துவிடுங்கள். புறாவுக்குக் கழுத்துத் திருகினால் என்ன நோய், தொட்டி மீனுக்கு வெள்ளைப் புள்ளி ஏன் வருகிறது என்று கேட்க அவர்களிடம் இப்போதே கேள்வி தயாராக இருக்கிறது.