கீழே அனுப்ப முடியாத இடத்து வைத்தியம்

எங்கள் கோத்தகிரிப் பக்கம் ஆஸ்பத்திரியில் "கீழே அனுப்பணும்" என்றால் கோயம்புத்தூருக்கு என்று அர்த்தம். சொன்ன உடனே நோயாளியின் வீட்டார் முகம் மாறிவிடும். வண்டிக்குப் பணம், கூட யார் போவது, வீட்டில் மாட்டை யார் பார்ப்பது. இப்போதே அனுப்புவதா, விடியும்வரை இங்கேயே சமாளிப்பதா என்று முடிவெடுப்பதுதான் இருபது வருடமாக என் வேலையில் பாதி. ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அந்த முடிவும் நம் கையில் இல்லை.

போன வாரம் எங்களோடு வேலை பார்க்கும் இளம் டாக்டர், ஊட்டிக்காரப் பெண், தயங்கித் தயங்கி, "சார், ஸ்பேஸ் மெடிசின் படிக்கலாம்னு இருக்கேன்" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா, "பந்தலூருக்கே டாக்டர் வர மாட்டேங்கிறாங்க, நீ நிலாவுக்குப் போறியாம்மா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததும் சிரித்ததற்கு வெட்கமாகிவிட்டது.

ஏனென்றால் அது நம்ம வேலை! விண்வெளி நிலையத்தில் ஒருவருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. வலியில்லை, வீக்கமில்லை, ஆராய்ச்சிக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. எடையற்ற நிலையில் ரத்தம் தலைப்பக்கம் ஏறிக்கொள்ள, கழுத்து ரத்தக்குழாயில் ஓட்டம் மந்தமாகிவிடும். மேலே இருந்த ஊசி மருந்து கொஞ்சம்தான். அடுத்த சரக்கு விண்கலம் மாத்திரை கொண்டுவரும்வரை டோஸைக் குறைத்து இழுத்துப்பிடித்தார்கள். கீழேயிருந்து டாக்டர்கள் வழிகாட்ட, அவரே தன் கழுத்தில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டார். 2020 ஜனவரியில் இது மருத்துவ இதழில் வந்தது. படித்தபோது, ரோடு அடைத்த ராத்திரிகளில் மருந்துக் குப்பிகளை எண்ணிப் பார்த்தது ஞாபகம் வந்தது.

நிலையத்திலாவது விண்கலம் எப்போதும் கட்டியே நிற்கும், அவசரமென்றால் இறங்கிவிடலாம். செவ்வாய்க்குப் போனால் கீழே என்று ஒரு இடமே கிடையாது. தூரத்தைப் பொறுத்து, கேள்வி இங்கே வந்து சேரவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகலாம்.

இதற்கு ஆள் தயார் செய்ய, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம், அவசர சிகிச்சை டாக்டர்களுக்கு ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் கம்பெனியோடு சேர்ந்து ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி நடத்துகிறது. தனியார் பயணங்களால் மருத்துவத்துக்கும் லாபம் உண்டு. அரசு விண்வெளி வீரர்கள் ஆயிரத்தில் ஒருவராகப் பொறுக்கி எடுத்த திடகாத்திரர்கள். டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் நம்மைப் போல பிரஷர், சுகர் உள்ளவர்களாக இருக்கலாம். 2021-இல் இன்ஸ்பிரேஷன்4 என்ற தனியார் விண்வெளிப் பயணத்தில் போன நால்வரில் ஒருவர் சிறுவயதில் எலும்புப் புற்றுநோய் வந்து காலில் உலோகத் தண்டு வைத்தவர். 2025-இல் நம்ம விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா போன ஆக்ஸியம்-4 தனியார் பயணத்தில் அபுதாபியின் புர்ஜீல் மருத்துவக் குழுமம் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியும் இன்சுலினும் மேலே எப்படி வேலை செய்கின்றன என்று சோதித்தது. இதெல்லாம் நல்ல விஷயம்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு நெருடுகிறது. படிப்பு முடித்து நான் முதலில் சேர்ந்தது ஒரு டீ எஸ்டேட் ஆஸ்பத்திரி. சம்பளம் கம்பெனி தரும். சீசன் நேரத்தில் ஒரு அம்மாவுக்கு இடுப்பு வலி என்று பத்து நாள் ஓய்வு எழுதினால், சாயந்திரமே மேனேஜரிடமிருந்து போன் வரும்: "பத்து நாள் வேணுமா டாக்டர்?" மிரட்டலெல்லாம் இல்லை, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்பார். அடுத்த முறை என் பேனா தானாகவே ஏழு என்று எழுதியது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ராக்கெட் கம்பெனியில் இது தலைகீழ். பெரும்பணம் கட்டிய பயணியை "நீங்கள் போகக் கூடாது" என்று சொல்ல வேண்டியவர், அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கும் டாக்டர். அமெரிக்கச் சட்டமோ பயணியின் பாதுகாப்புக்கு விதி போடுவதைப் பெரும்பாலும் 2028 வரை தள்ளி வைத்திருக்கிறது. இப்போதைக்கு ஆபத்தை விளக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். பயிற்சி கம்பெனியில் நடக்கட்டும், அங்கேதான் விண்கலம் இருக்கிறது. தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் வேறு இடத்தில் சம்பளம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

நம் நாட்டில் பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது, எம்.டி. படிப்பே உண்டு. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் டாக்டர்களுக்குப் பயிற்சி தர 2021-இல் இஸ்ரோ பிரான்ஸோடு ஒப்பந்தம் போட்டது. பிரான்ஸுக்கு அனுப்பட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது! கூடவே இரண்டு மாதம் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ அனுப்புங்கள். ஸ்பெஷலிஸ்ட் போனில் மட்டும் கிடைக்கும், சிக்னல் பாதியில் போய்விடும், மழையும் சேர்ந்துகொள்ளும். இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எங்கே கிடைக்கும்?

அந்தப் பெண்ணிடம் படி என்று சொல்லிவிட்டேன். அதுவரை நைட் டூட்டியில் ஸ்கேன் கருவியை அவரே பிடித்துப் பழகட்டும். பெங்களூரில் இந்தப் படிப்பு படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் இன்பாக்ஸுக்கு வாங்க, அவருக்குக் கேட்க நிறைய இருக்கிறது.